உன் தண்ணீர் எது?

வேலையில் சேர்ந்த அன்று ஆபீசில் எல்லோரும் என்னிடம் "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒரு அரபிக்காரர் மட்டும் என் பாஸ்போர்ட்டை இரண்டு கைகளாலும் வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல், "உன் தண்ணி எது?" என்றார்.

மனுஷனுக்குத் தாகம் போலிருக்கிறது என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினேன். வாங்கி மடக் மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதையே கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். வாசலில் நின்றிருந்த டிரைவர் முருகேசன் அண்ணன்தான் காப்பாற்றினார்.

"தங்கச்சி, உங்க ஊர்ல என்ன ஆறு, என்ன கம்மாய்னு கேக்குறாரு. ஊர்ப் பேரு சொன்னா அவருக்கு ஏறாது. நான் முதுகுளத்தூர்னு நாலு தடவ சொல்லிப் பாத்தேன். இப்ப என் பேரே கம்மாய்தான்."

"வைகை," என்றேன்.

"வைகையில தண்ணி இருக்கா?"

மதுரைக்காரி இந்த விஷயத்தில் பொய் சொல்லலாமா? "மாஃபி," என்றேன். அந்த ஒரு அரபி வார்த்தையைத்தான் அன்று காலைக்குள் கற்றிருந்தேன். இல்லை என்று அர்த்தம்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னுதும் மாஃபி. கலாஸ், முடிஞ்சது, நீயும் நானும் ஒண்ணு." அதோடு என் பெயர் அந்த ஆபீசில் செத்தது. ஆறு வருஷமும் அவருக்கு நான் வைகைதான்.

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் கல்ஃப் இந்தியில். பாதி உருது, பாதி அரபி, இலக்கணம் என்று ஒன்று கிடையாது. அதை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

ஷார்ஜாவில், ரோலாவுக்குப் பின்பக்கத் தெருவில், மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கட்டடங்களுக்கு ஏசியும் குழாயும் பார்க்கிற கம்பெனி. ஆட்கள் தங்குகிற கேம்பில் நூற்றுச்சொச்சம் பேர். அவர்களுடைய பாஸ்போர்ட் நகல், விசா, மெடிக்கல், லீவு எல்லாவற்றையும் ஃபைலில் வைத்துப் பார்ப்பது என் வேலை. அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆபீஸ்களில் ஏறி இறங்குவது அவர் வேலை. பி.ஆர்.ஓ. என்போம். கணுக்கால்வரை தொங்கும் வெள்ளைக் கந்தூரா, தலையில் துணி, தோல் செருப்பு. கேம்ப் ஆட்கள் அவரை அர்பாப் என்று கூப்பிடுவார்கள், முதலாளி என்று பொருள். அவர் முதலாளி இல்லை, என்னைப் போல மாதச் சம்பளக்காரர்தான். ஆனால் கந்தூரா போட்ட ஒரு மனிதர் இந்த நாட்டில் நம்மைப் போல ஒருவராக இருக்கக்கூடும் என்று நம்ம ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

புது ஆட்கள் ஏர்போர்ட்டிலிருந்து வேனில் வந்து இறங்குவார்கள். தூக்கம் கெட்ட கண்ணும், பயந்த முகமும், கையில் பிளாஸ்டிக் கவருமாக நிற்பார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட்டை வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பார். முருகேசன் அண்ணன் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார். காவிரி, தென்பெண்ணை, பாலாறு என்று ஒவ்வொருவனும் சொல்லச் சொல்ல அந்த முகங்களில் பயம் கொஞ்சம் இறங்கும். ஊரை விட்டு வந்தவனிடம் ஊர் ஆற்றைக் கேட்டால் வேறு என்ன ஆகும்?

தர்மபுரிப் பையன் ஒருவன் "போர்வெல்" என்றான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது தண்ணி இல்ல, மெஷின். நான் தண்ணியக் கேட்டேன்." சென்னை ஆள் ஒருவர் "லாரி" என்று சொன்ன அன்று அவர் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு மனுஷனுக்கு எப்படித் தண்ணி லாரியில வரும்?" என்று என் மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார்.

முருகேசன் அண்ணன் விடுவாரா? "ஏன் அர்பாப், இங்க மட்டும் என்ன வாழுதாம்? கடல் தண்ணிய மெஷின்ல ஊத்தித்தானே குடிக்கிறோம்?"

"அது இப்போ," என்றார் அவர். "நான் முன்னாடி இருந்ததக் கேக்கிறேன். உன் அப்பன், அவன் அப்பன், அவன் அப்பன். அவங்க குடிச்ச தண்ணி."

ஒருமுறை தைத் என்ற பாலைவன ஊர்ப் பக்கம் ஒரு சைட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். மணலில் பத்து நிமிஷம் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு முள்மரம், ஒரு கம்பி வேலி, வேலிக்கு இந்தப் பக்கம் தரையோடு தரையாக ஒரு கான்கிரீட் மூடி. கிணறு. உள்ளே தண்ணீர் வற்றிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியை உள்ளங்கையால் தட்டித் தட்டி, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா. ஏழு தட்டு, ஏழு பெயர். எல்லோரும் அந்தக் கிணற்றில் ஒட்டகத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்கள்.

"இப்ப நீ சொல்லு," என்றார்.

அப்பா பெயர் சொன்னேன். தாத்தா பெயர் சொன்னேன். மூன்றாவது பெயர் வாயில் வரவில்லை. அவர் என்னை நிஜமாகவே பரிதாபமாகப் பார்த்தார். "பரவாயில்ல. உங்க பாஸ்போர்ட்ல ஒரு அப்பாவுக்குத்தான் இடம் இருக்கு," என்று ஆறுதல் சொன்னார். முருகேசன் அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரியாதா என்ன?

இன்னொரு நாள் டீ குடிக்கும்போது அவர் சொன்னது இது. "எங்க அப்பா காலத்துல உங்க ஆளுங்க லாஞ்ச்ல வருவாங்க. கரைக்குத் தூரமா இறக்கி விட்டுட்டு அவன் போயிடுவான். இவங்க நீந்தி வருவாங்க. வர்றவனுக்கு எங்க அப்பா பேரீச்சம்பழமும் தண்ணியும் கொடுப்பார். பேப்பர் இருக்கான்னு கேட்டதில்ல. உன் தண்ணி எதுன்னு மட்டும் கேப்பார். அப்புறம்தான் ஆபீஸ் வந்துச்சு, ஸ்பான்சர் வந்துச்சு, விசா வந்துச்சு. எனக்கு எல்லா விசாவும் தெரியும், வைகை. அடிச்ச சீல், ஒட்டின ஸ்டிக்கர், இப்ப கார்டு. எல்லாத்தையும் இந்தக் கையால வாங்கியிருக்கேன்."

ஊர் உலகத்துக்கெல்லாம் விசா வாங்கியவர் தனக்கென்று என்ன வைத்திருந்தார் என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வடை நன்றாக இருந்தது, தின்றேன்.

நான் அங்கிருந்த கடைசி இரண்டு வருஷத்தில் அவர் புது ஆள் யாரிடமும் தண்ணீரைக் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்குவார், எண்ணுவார், பையில் போடுவார். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியைப் பிடுங்கியவள் நான்தான்.

நடந்தது இதுதான். கம்பெனியில் இந்த நாட்டுக் குடிமக்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று பட்டியல் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எங்கள் மேனேஜர் திருச்சூர்க்காரர். "நம்ம கையில ஒரு லோக்கல் இருக்காரல்லோ, அவர் பேரைப் போடு," என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அவருடைய ஃபைலை எடுத்தேன். உள்ளே ஒரு போட்டோ, அரபியில் மங்கிப்போன ஏதோ ஒரு கார்டின் நகல், பழைய முதலாளி கொடுத்த வேலைக் கடிதம். அவ்வளவுதான். பாஸ்போர்ட் நகல் இல்லை.

வேறு யாருடைய ஃபைலாக இருந்தாலும் நான் ஆடித் தீர்த்திருப்பேன். ஒரு பக்கம் குறைந்தாலும் முருகேசன் அண்ணனையே கேம்புக்குத் திருப்பி அனுப்புகிற ஆள் நான். ஆனால் லோக்கல்காரரிடம் போய், "உங்க பாஸ்போர்ட் காப்பி கொடுங்க," என்று கேட்பதா? சிங்கத்தின் வாயில் பல் எண்ணுகிற வேலை அல்லவா அது? கேட்காமலேயே, நாடு என்ற கட்டத்தில் இந்த நாட்டின் பெயரை டைப் பண்ணி அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இந்தப் பெயரில் குடிமகன் யாரும் பதிவில் இல்லை. குடிமக்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற குடும்பப் புத்தகம் அவரிடம் இருந்தால் காட்டவும். இல்லையென்றால் அவர் எந்த நாட்டவர், எந்த விசாவில் இருக்கிறார் என்று முப்பது நாளுக்குள் காட்டவும். அதுவரை கம்பெனியின் விசா வேலைகள் எல்லாம் நிறுத்தி வைக்கப்படும்.

நான் சிரித்துக்கொண்டேதான் அவரிடம் கொண்டுபோனேன். "சிஸ்டத்தைப் பாருங்க அர்பாப், உங்களையே இல்லைங்குது." அவர் அந்த அரபிக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நீ என்னை என்னன்னு எழுதின?"

"இந்த நாட்டுக்காரர்னு."

கடிதத்தை நான்காக மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என்னை அப்படி எழுதின முதல் ஆள் நீதான், வைகை."

"குடும்பப் புத்தகம்?" என்றேன்.

"மாஃபி."

"பாஸ்போர்ட்?"

"மாஃபி."

"அப்ப அந்தக் கார்டு?"

"நான் எந்த நாட்டுக்காரனும் இல்லன்னு கொடுத்த கார்டு."

நான்கு வருஷமாகப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிற மனிதர். நான் பயந்து பயந்து மரியாதை கொடுத்த வெள்ளைக் கந்தூரா. என் கைப்பையில் ஒரு இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, அவரிடம் அதுகூட இல்லை. உலகத்தில் எங்கேயுமே அவர் இல்லை.

அவர் சொன்ன காரணம் இதுதான். அந்தக் காலத்தில் ஆட்களைப் பதிவு பண்ண ஊருக்குள் வந்திருக்கிறார்கள். இவருடைய தாத்தா ஒட்டகங்களோடு மணலில் இருந்தார். யாரோ போய் அவரிடம், வந்து பெயர் கொடு என்று சொல்லியிருக்கிறார்கள். "பேப்பர் வெளியில இருந்து வர்றவனுக்குத்தானே? நான் எங்க இருந்து வந்தேன்?" என்று கேட்டுவிட்டு அவர் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. பெயர் கொடுத்த பக்கத்துக் கூடாரத்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் குடிமக்கள்.

அதைக் கேட்டபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. வந்திருக்க வேண்டாம். நான் படிக்கிற காலத்தில் அப்பா போடி தாலுகா ஆபீசில் கிளார்க், நாங்களும் அங்கேதான் இருந்தோம். ஒரு பள்ளிக்கூட லீவு நாளில் நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த பளியர் பழங்குடிக்காரர் ஒருவர் சாதிச் சான்றிதழ் கேட்டு நின்றார். "நீ இந்தப் பக்கத்துலதான் பொறந்தேங்கிறதுக்கு என்னய்யா அத்தாட்சி?" என்று அப்பா கேட்டார். அந்த மனிதர் திரும்பி ஜன்னல் வழியாக மலையைக் கை காட்டினார். ஆபீசே சிரித்தது. தூக்குவாளியோடு நின்ற நானும் சிரித்தேன்.

"தப்பா டைப் பண்ணிட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிடறேன், அர்பாப்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "தப்பா? நீ எழுதினது தப்புன்னு உனக்கு யார் சொன்னது?"

வழி ஒன்று இருந்தது. அது அவருக்கும் தெரியும். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலுக்குள் இருக்கிற ஒரு தீவு நாட்டின் பாஸ்போர்ட்டை இங்குள்ள அரசாங்கமே இவர்களைப் போன்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டால் வெளிநாட்டுக்காரன் என்று ஆகி, நம்மைப் போல விசா அடித்துக்கொண்டு இருக்கலாம். அவருடைய தம்பி எப்போதோ வாங்கிவிட்டார். இவர் பல வருஷமாக மாட்டேன் என்று நின்றவர்.

"அதை வாங்கினா நான் வெளியில இருந்து வந்தவன்னு என் கையாலயே எழுதிக் கொடுத்த மாதிரி. அப்ப அந்த ஏழு பேர் எங்க இருந்து வந்தாங்க?" என்றார்.

வேலையை விட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் புண்ணியத்தில் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, இனி எங்கே போனாலும் அந்தக் கேள்வி பின்னாலேயே வரும். அதோடு கேம்பில் பதினோரு பேருடைய விசா அந்த மாதம் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அவர்கள் கதி அதோகதி. மேனேஜர் தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து அந்தப் பதினோரு பெயர்களையும் அவர் காதில் விழுகிற மாதிரி படித்துவிட்டுப் போனார். அவர் ஒரு வாரம் லீவு போட்டார்.

திரும்பி வந்தபோது கையில் புத்தம் புதிதாக ஒரு பாஸ்போர்ட். என் மேஜையில் வைத்தார். அதை மட்டும் ஒற்றைக் கையால் வைத்தார்.

"இது எங்க இருக்கு, வைகை? காட்டு."

போனில் மேப்பைத் திறந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினேன். நீலத்துக்கு நடுவே மூன்று நான்கு புள்ளிகள்.

"யாரு இருக்காங்க அங்க?"

"எனக்கும் தெரியாது, அர்பாப்."

"என்ன பாஷை?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, மெடிக்கல் எப்போ?" என்றார்.

விசா அடிக்க வருகிற எல்லோரும் ரத்தம் கொடுத்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வழக்கமாக அவர்தான் நம்ம ஆட்களை வரிசையில் நிறுத்தி, "யல்லா, யல்லா," என்று விரட்டுவார். அன்று அவரே வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் எங்கள் கேம்ப் ஆட்கள் ஆறு பேர். திரும்பிப் பார்த்தவர்கள் பதறிப்போய் வழிவிட்டார்கள். ஒருவரும் அவருக்கு முன்னால் நிற்கச் சம்மதிக்கவில்லை. காவலாளி ஓடி வந்து, "பாபா, நீங்க இந்தப் பக்கம், இந்தப் பக்கம்," என்று குடிமக்களுக்கான கவுன்டரைக் காட்டினான். அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் டோக்கனை உயர்த்திக் காட்டினார். அதில் மற்றவர்களுடையதைப் போலவே ஒரு நம்பர். காவலாளிக்குப் புரியவில்லை, கையை நீட்டியபடியே நின்றான்.

தென்பெண்ணைக்காரன் ஒருவன் முருகேசன் அண்ணனிடம் வந்து குசுகுசுவென்று கேட்டான். "அண்ணே, அர்பாப்புக்கு ஒடம்புக்கு என்ன? பெரிய வியாதியா?"

"வாய மூடிக்கிட்டுப் போடா," என்றார் முருகேசன் அண்ணன். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். வண்டியில் ஏறிய பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். "என்னா அநியாயம் தங்கச்சி இது. வீட்டுக்காரன நடுத்தெருவுல நிறுத்தி, உள்ள வர டிக்கெட் கேக்குறான்." டிக்கெட் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்தானே.

மறுநாள் காலை அவருடைய விசா விண்ணப்பத்தைத் திறந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்தார். பெயர் அடித்தேன். நாடு என்ற கட்டத்தில், போன முறை எதை அடித்தேனோ அதை விட்டுவிட்டு, அந்தத் தீவின் பெயரை அடித்தேன். ஸ்பான்சர் என்ற இடத்தில் கம்பெனி பெயர். கம்பெனி சார்பாகக் கையெழுத்துப் போடுபவர் என்ற இடத்தில் என் பெயர். அடுத்த கட்டம்: நாட்டுக்குள் முதலில் நுழைந்த தேதி.

கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தை நூறு பேருக்கு யோசிக்காமல் நிரப்பியிருக்கிறேன். காலியாக விட்டுப் பார்த்தேன், அடுத்த பக்கம் திறக்கவில்லை. அவர் பிறந்த தேதியையே அடித்தேன். சிவப்பு எழுத்தில் வந்தது: பிறந்த தேதியும் நுழைந்த தேதியும் ஒன்றாக இருக்கக் கூடாது.

அதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். எத்தனை பேருடைய விண்ணப்பத்தைப் பார்த்தவர்.

"நீ எப்போ வந்த?" என்றார்.

சொன்னேன். நாள், மாதம், வருஷம். வந்த தேதி மறக்கிற ஆள் கல்ஃபில் யாரும் கிடையாது.

"அதைப் போடு."

"ஐயோ, அது நான் வந்த தேதி, அர்பாப்."

"தெரியும். எதைப் போட்டாலும் எனக்குப் பொய்தான். அது உனக்காவது உண்மையா இருக்கே. போடு. யல்லா, அங்க பதினோரு பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

போட்டேன். அடுத்த பக்கம் திறந்தது. அந்த வாரமே அவருக்கு விசா வந்தது, பதினோரு பேருக்கும் வந்தது. மேனேஜர் ஆபீசுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார்.

பதிவேட்டைப் புரட்டினால் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும். நான் முதன்முதலாக விமானத்தில் இறங்கி, பெட்டி வந்து சேராமல், வெளியே வெயிலில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் மிரண்டுபோய் நின்ற அந்த வியாழக்கிழமைதான் அவரும் இந்த நாட்டுக்குள் காலடி எடுத்து வைத்தார்.